பொப்பிக்கு எதிராக ஒரு பூவரசம் பூ

ஆற்றுகைக் கலை எண்டால் கொழும்பில எங்களுக்கு உடனே ஞாபகம் வாறது ஒரு கேலரி. வெள்ளைச் சுவர், உடம்பில எதையோ சுற்றிக்கொண்டு நடுவில் நிற்கும் ஒருவர், சுற்றிவர ஃபோனோடு நாற்பது பேர். கிண்டலுக்குச் சொல்லவில்லை. சோதனைச்சாவடித் தகர பீப்பாக்களை வைத்து சந்திரகுப்த தேனுவர 1997இல் ‘பரலிசம்’ செய்ததும், பிறகு பந்து மனம்பேரி உடம்பெல்லாம் கட்டுப்போட்ட பீப்பா மனிதனாக வந்து நின்றதும் இந்த நகரத்துக்குத் தேவையாக இருந்தவைதான். ஆனால் படை, சடங்கு, சேவை என்று பேசப் புறப்படுபவர்கள் முன்னுதாரணத்துக்கு ஐரோப்பியப் பெயர்களைத் தேடும்போது கொஞ்சம் கடுப்பாக இருக்கு. அது இங்க, தெருவிலேயே, 1930களில் நடந்திருக்கு.

முதலாம் உலகப்போர் முடிந்த நாளான நவம்பர் 11, பேரரசு எழுதி இயக்கிய ஒரு ஆற்றுகை. இரண்டு நிமிட மௌனம், சட்டையில் குத்தும் சிவப்புப் பொப்பி, நினைவுத்தூண். லண்டன் தூணை வடிவமைத்த லட்யன்ஸ்தான் கொழும்புத் தூணையும் வடிவமைத்தார். முதலில் அது நின்றது காலிமுகத்திடலில். இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானியருக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து, இப்போது விகாரமகாதேவி பூங்கா என்கிறோமே, அங்கே மாற்றினார்கள்.

பொப்பி விற்ற காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போனது. அதே போரில் சேவை செய்துவிட்டு வந்த இலங்கையருக்குக் கிடைத்தது கொஞ்சம். முன்னாள் படைவீரர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா 1931இல், அதே நாளில், பொப்பிக்குப் போட்டியாக வேறொரு பூவை விற்கத் தொடங்கினார். சிங்களத்தில் ‘சூரிய மல்’. எங்களுக்குப் பூவரசு! யாழ்ப்பாண வேலிகளில் நிற்கும், இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவோமே, அதே மரம். காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது சிவக்கும் பூ.

1933இல் தென் கொழும்பு இளைஞர் சங்கம் இதைக் கையில் எடுத்து, வெளிப்படையான ஏகாதிபத்திய எதிர்ப்பாக மாற்றியது. தலைவர் டொரீன் யங், ஒரு ஆங்கிலேயப் பெண். அதே வருடம் வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்திலும் இந்த இளைஞர்கள்தான் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். அந்த ஆலை நின்ற காணியில்தான் இன்று ஹெவ்லொக் சிட்டி. தொழிலாளர்களில் கணிசமானோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அப்படியிருந்தும் இதைச் சிங்கள இடதுசாரிகளின் கதை என்று நாங்கள் லேசாக விட்டுவிட்டோம்.

1934-35 மலேரியாவின்போது சூரிய மல் ஆட்கள் கேகாலைப் பக்கம் கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் பார்த்தார்கள். போருக்குப் போவது மட்டும்தான் ‘சேவை’ என்று இருந்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கொடுத்தவர்கள் இவர்கள். பொப்பியின் சடங்கை அவர்கள் உடைக்கவில்லை. அதே நாள், அதே குத்தூசி; பூ மட்டும் வேறு, காசு போகும் இடமும் வேறு. பூவை நீட்டினால் எதிரில் நிற்பவர் வாங்கத்தான் வேணும், இல்லாட்டி மறுக்கத்தான் வேணும். சும்மா பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது. கேலரியில் நான் காணாதது இதுதான்.

பிறகு நான் அதைக் கண்டது 2022 மே 18. அந்தத் தூண் முன்பு நின்ற அதே காலிமுகத்திடல். போராட்டக்களத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறினார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. சிங்களவர்களும் வாங்கிக் குடித்தார்கள். அது கலையா என்று கேட்டால், அன்று அங்கே யாரும் அந்தப் பேரில் அதைச் செய்யவில்லை. ஆனால் நான் பார்த்த எந்த ஆற்றுகையையும் விட, குடிப்பவரிடம் அது கூடக் கேட்டது. குடிப்பதென்றால், அங்கே ஆட்கள் செத்தார்கள் என்று ஒத்துக்கொள்வது.

பொப்பி இன்றைக்கும் இருக்கு. ஒவ்வொரு வருடமும் முதல் பூவை ஜனாதிபதியின் சட்டையில் குத்துகிறார்கள். பூவரசு விற்க ஆளில்லை. வாற நவம்பரில் யாராவது வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னாலயோ கொட்டாஞ்சேனையிலயோ ஒரு தட்டுப் பூவோடு நின்றால் நான் கட்டாயம் வருவன். ஆனால் பூ வாங்குற ஆள் முதலில் கேட்கப்போறது “காசு யாருக்கு?” எண்டுதான். அடுத்தது, “எந்தப் படையில செத்த ஆக்களுக்கு?” இரண்டாவது கேள்விக்கு எங்கட பதில் என்ன எண்டு, தட்டைத் தூக்க முதல் பேசி முடிவெடுக்க வேணும்.