துரைமார் வசனம், தோழர் குரலில்

கம்யூனிஸ்ட் ஆட்சிகளை எதிர்த்துக் கிளம்பிய இளைஞர்கள் எல்லாரும் அமெரிக்காவின் கைப்பாவைகள், தொழிலாளிக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று பெஸ்தாரி ஜெயா மே தினக் கூட்டத்தில் ஒரு தோழர் பேசினார். கோல சிலாங்கூர் தோட்டத்துப் பிள்ளைகளை எதிரே வைத்துக்கொண்டு இதைச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது?

1941-இல் கிள்ளானில் மூண்ட வேலைநிறுத்தம் சிலாங்கூர் தோட்டங்களுக்குப் பரவியது. சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பெண்கள் மேல் கை வைக்காதே என்று இந்தியத் தொழிலாளிகள் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றும் சொன்னார்கள். பால்மரம் வெட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பும் இளைஞன் மிதித்தபடியே துரையைக் கடந்து போவது அன்றைக்குக் கலகம். தோட்டத்து ஆள்களுக்குச் சொந்தமாகக் குறை இருக்கும் என்று வெள்ளை அரசு ஏற்கவில்லை, வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் தூண்டிவிட்டார் என்றது. அவரைப் பிடித்து நாடு கடத்தியது. மே 16-இல் அவசரநிலை அறிவித்தது. பட்டாளம் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள்.

1989 ஏப்ரல் 26-இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மக்கள் நாளிதழ், பெய்ஜிங்கில் கிளர்ந்த மாணவர்களைப் பற்றித் தலையங்கம் எழுதியது. ஒரு சிறு கும்பல் பின்னால் நின்று குழப்பம் விளைவிக்கிறது என்றது. துரைமார் சொன்னதும் இதுவேதான். தோழர் இன்று ஒப்பிப்பதும் இதுவேதான்.

தொழிலாளி அங்கே இல்லையா? தியானன்மென் சதுக்கத்தில் ரயில்வே மின்பணியாளர் ஹான் டோங்ஃபாங்கும் கூட்டாளிகளும் கட்சியின் பிடிக்கு வெளியே தொழிற்சங்கம் கண்டார்கள். ஜூன் 4-இல் பட்டாளம் போராட்டத்தை ஒடுக்கிய பிறகு சங்கம் நசுக்கப்பட்டது. அவர் 22 மாதம் விசாரணையின்றிச் சிறையில் கிடந்து காசநோயோடு வெளியே வந்தார்.

போலந்தில் கட்சி ஆட்சியை எதிர்த்த தொழிற்சங்கத்துக்கு அமெரிக்கப் பணம் போனதே என்பார் தோழர். போனது, பிற்பாடு. 1980-இல் இறைச்சி விலையை ஏற்றியது அமெரிக்காவா? கடான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் தளத்தில், ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த பாரந்தூக்கி ஓட்டுநர் அன்னா வாலன்டினோவிச்சை வேலையிலிருந்து துரத்தியது யார்? அவரைத் திரும்ப எடு என்று ஆகஸ்ட் 14 விடியற்காலையில் வேலையை நிறுத்தியவர்கள் இருபதுகளில் இருந்த இளந்தொழிலாளிகள். 21 கோரிக்கைகளில் முதலாவது, சுதந்திரத் தொழிற்சங்கம்.

எஸ். ஏ. கணபதியின் பெயரைச் சொல்லித்தான் தோழர் பேச்சை முடித்தார். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவரை 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். சங்கம் வைத்தவர்களை வேட்டையாடிய அந்த அரசை நாம் மன்னிக்கவில்லை. அதே வேட்டையைச் செங்கொடி ஏற்றிய அரசு ஆடும்போது கைதட்டச் சொல்லும் இவருக்குக் கணபதியின் பெயரைத் தொட உரிமை கிடையாது.