பாரத்துக்கு ஏற்ற பொறுப்பு



சைக்கிளில் போன ஒருவர் வாகனத்தில் அடிபட்டு விழுந்தால், அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்பே கூட்டத்தில் யாரோ ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "பார்த்துப் போயிருக்கணும்." அவர் இறந்துவிட்டால் இன்னொருவர் சொல்கிறார்: "விதி." அத்தோடு வழக்கு முடிந்துவிடுகிறது. வாகனம் என்ன வேகத்தில் வந்தது, அந்த வேகம் யாருக்குத் தேவைப்பட்டது, அந்த இடத்தில் சைக்கிள் போக வழி இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இந்த இரண்டு பேச்சும் தோட்டத்துச் சனங்களுக்குப் புதியவை அல்ல. கொழுந்து அரைக்கும் மெசினில் விரல் போனபோது, "கவனமில்லாத ஆள்" என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். மலையில் குளவி கொட்டி ஒரு தாய் செத்தபோது, "விதி" என்று சொன்னார்கள். அடிபட்டவர் மேலேயே பழியைப் போட்டுவிட்டால் துரைக்குச் செலவில்லை, கம்பனிக்குக் கணக்கில்லை.

அந்தப் பேச்சுக்கு ஒரு சட்டம் பதில் சொன்னது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அது. வேலையில், வேலை காரணமாக ஒருவர் காயப்பட்டால் வேலை கொடுப்பவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். துரையின் பிழையைத் தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. ஆபத்தான மெசினை வைத்திருப்பவர், அதனால் இலாபம் காண்பவர், அதன் தீங்குக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அதன் கருத்து. தொழிற்சாலைக் கதவுக்கு உள்ளே நாம் ஏற்றுக்கொண்ட இந்த நியாயத்தை, கதவைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் ஏன் கைவிடுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

மலையகத்தில் சைக்கிளே இல்லையே, இது யாழ்ப்பாணத்தாரின் பிரச்சினை அல்லவா என்று சிலர் நினைக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வருடமும் நம் தோட்டப் பாடசாலைகளில் படித்த பிள்ளைகள் திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். இன்னும் பலர் அந்தப் பக்கத்துக் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். போன பிள்ளை வாடகை அறை எடுத்தவுடன் வாங்கும் முதல் பொருள் ஒரு பழைய சைக்கிள். பஸ் காசும் ஓட்டோ காசும் கட்டுப்படியாகாது. நம் பிள்ளைகளில் பலர் அதற்கு முன் சைக்கிள் ஓட்டியதே இல்லை. "மலையில சைக்கிள எங்க சேர் ஓட்டுறது?" என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. உண்மைதான். ஏற்றமும் இறக்கமும் கல்லுமாக இருக்கிற தோட்டப் பாதையில் பழக முடியாது. ஆகவே அவர்கள் முதன்முதலில் சைக்கிள் பழகும் இடம், பஸ்ஸும் லொறியும் மோட்டார் சைக்கிளும் ஓடுகிற பலாலி வீதியாக இருக்கிறது.

யாழ்ப்பாணம் சைக்கிளின் ஊர். 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கி எரிபொருள் தடைப்பட்டபோது, ஆசிரியர், விவசாயி, நோயாளி, கர்ப்பிணி எல்லாரும் சைக்கிளில்தான் போனார்கள். திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி மூட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த விவசாயிகள் அந்தக் குடாநாட்டுக்கே சோறு போட்டார்கள். 2009 க்குப் பிறகு ரோடுகள் அகலமாகி, காப்பெற் போடப்பட்டன. லீசிங் கம்பனிகள் வந்தன. மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வீட்டுக்கு வீடு வந்தன. ரோடு அகலமானது, சைக்கிளுக்கு உரிய இடம் மட்டும் சுருங்கியது. கடை வாசலில் நிறுத்திய வாகனம் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் வாய்க்கால் எங்கே முடிகிறது, ரோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஓரமாகப் போக முடியாமல் நடுவுக்கு வரும் சைக்கிள்காரரைப் பார்த்து, பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடிக்கிறார். 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது நாடே சைக்கிளைத் தேடியது. பெற்றோல் வந்ததும் மறந்துவிட்டது.

வாகனம் ஓட்டுபவர்களின் முறைப்பாட்டையும் கேட்க வேண்டும். அவர்களும் நம்மவர்கள்தான். நம் தம்பிமார் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள், லொறி ஓட்டுகிறார்கள், பஸ்ஸில் நடத்துநராக நிற்கிறார்கள். இரவில் வெளிச்சமில்லாமல் சைக்கிள் வருகிறது, கை காட்டாமல் வலப்பக்கம் திரும்புகிறார்கள், மூன்று பேர் சோடி சேர்ந்து கதைத்துக்கொண்டு போகிறார்கள், ஒரு கையில் போன் என்று அவர்கள் சொல்கிறார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. இரவில் வெளிச்சமில்லாமல் சைக்கிள் ஓடுவது சட்டப்படி குற்றம். முன்பு விற்ற சைக்கிளில் டைனமோ லைட்டும் மணியும் மட்காட்டும் சேர்ந்தே வரும். இப்போது கடையில் விற்கும் பல சைக்கிள்களில் இவை எதுவும் இல்லை. அதற்காக வெளிச்சமில்லாமல் போவது சரியாகிவிடாது. சிவப்பு லைட் ஒன்று பின்னால் இருந்தால் சாரதி தூரத்திலேயே காண்பார். அந்த லைட்டின் விலை ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைவு.

ஆகவே பொறுப்பு இரு பக்கமும் உண்டு. ஆனால் இரு பக்கமும் உண்டு என்பதும், இரு பக்கமும் சமம் என்பதும் ஒன்றல்ல.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகிறது. சாரதி ஒன்றைக் கண்டு, காலைத் தூக்கி பிரேக்கில் வைக்கவே ஒரு செக்கன் போகிறது. அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்க முன்பே வாகனம் நான்கு லயக் காம்பராக்களைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பஸ்ஸின் எடை பத்துத் தொன்னுக்குக் கிட்ட. சைக்கிளும் அதில் இருக்கும் ஆளும் சேர்ந்து நூறு கிலோவும் வராது. சைக்கிள்காரர் பிழை விட்டால் பெரும்பாலும் அவரே சாவார். பஸ்காரர் பிழை விட்டாலும் சைக்கிள்காரரே சாவார்.

இதை மலையகம் வேறு விதத்தில் கண்டிருக்கிறது. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதை இறக்கத்தில், பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒரு வானிலும் ஒரு முச்சக்கர வண்டியிலும் மோதியது. 7 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் வானிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தவர்கள். அங்கேயும் சாவு சின்ன வண்டியைத்தான் தேடிப் போனது.

எனவே ரோட்டில் பொறுப்பைப் பாரத்துக்கு ஏற்பப் பங்கிட வேண்டும். இது ஆசிரியர் ஒருவரின் ஆசை மட்டுமல்ல. நம் தேயிலையைக் குடிக்கும் பிரித்தானியாவில் 2022 ஜனவரியில் வீதி ஒழுங்கு விதிகளைத் திருத்தியபோது, யாரால் அதிக தீங்கு விளையுமோ அவருக்கே அதிக பொறுப்பு என்று எழுதி வைத்தார்கள். நெதர்லாந்து இன்னும் முன்னே போனது. 1971 இல் அந்தச் சின்ன நாட்டில் 3,000 க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறந்தார்கள். அவர்களில் 400 க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர் "சிறுவர் கொலையை நிறுத்து" என்ற பெயரில் இயக்கம் தொடங்கி, தெருவை மறித்தார்கள். அதன் பலனாகச் சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் வந்தன, குடியிருப்புகளில் வேகம் குறைந்தது. இன்று அங்கே மோட்டார் வாகனம் சைக்கிளில் மோதினால், தன் பிழை இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் வாகனக்காரர். சைக்கிளில் வந்தது 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், பிள்ளை பிழை விட்டிருந்தாலும் பொதுவாக முழு நட்டஈடும் வாகனப் பக்கமே கொடுக்க வேண்டும். நம் நாட்டிலோ காயப்பட்டவர்தான் வழக்குப் போட்டு, சாரதியின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டும். கட்டிலில் கிடப்பவர் சாட்சி தேட வேண்டும். இலங்கையில் ஒவ்வொரு வருடமும் 2,000 க்கு மேற்பட்டோர் ரோட்டில் சாகிறார்கள். இத்தனை பேரும் பார்த்துப் போகாதவர்களா?

இன்னொன்றையும் சங்கக்காரர் நாம்தான் சொல்ல வேண்டும். ரோட்டில் காணும் அவசரத்துக்கு ஒரு முதலாளி இருக்கிறார். தனியார் பஸ்ஸில் சாரதிக்கும் நடத்துநருக்கும் அன்றன்றைய வசூலிலிருந்து பங்கு. முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த தரிப்பிடத்துச் சனம் கிடைக்கும், சனம் கிடைத்தால்தான் வீட்டுக்குக் காசு. முச்சக்கர வண்டிக்காரருக்கு மாதா மாதம் லீசிங் தவணை. சாப்பாடு கொண்டுபோகும் பையனுக்கு ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. பெயருக்கு மேல் கொழுந்து எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று நம்மை ஓட வைக்கும் அதே கணக்குத்தான் அவர்களையும் ஓட வைக்கிறது. அந்தப் பையனைக் காடையன் என்று திட்டிவிட்டுப் போவது இலகு. அவனுக்கு மாதச் சம்பளம் கேட்பது கடினம். ஆனால் உயிரைக் காப்பாற்றுவது அதுதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

பல்கலைக்கழகம், சந்தை, பாடசாலை, ஆஸ்பத்திரி இருக்கும் இடங்களில் வேக எல்லையை 30 கிலோமீற்றராகக் குறைக்க வேண்டும். நகர்ப்பகுதிக்கு இன்றுள்ள எல்லை 50. சைக்கிளும் நடப்பவரும் வாகனமும் கலக்கும் இடத்தில் 30 க்கு மேல் கூடாது என்று 2020 இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் வீதிப் பாதுகாப்பு மாநாடு பிரகடனம் செய்தது.

நல்லூர் பிரதேச சபையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் திருநெல்வேலியில் ரோட்டோரத்தைச் சைக்கிளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஓரத்தில் வாகனம் நிறுத்துவதைத் தடுக்க வேண்டும், வாய்க்காலை மூட வேண்டும்.

முன்லைட்டும் பின்லைட்டும் மணியும் இல்லாமல் எந்தச் சைக்கிளையும் விற்கக் கூடாது.

பஸ் தொழிலாளருக்கு வசூல் பங்குக்குப் பதிலாக நிலையான மாதச் சம்பளம் வேண்டும்.

வாகனம் மோதிய வழக்கில் நிரூபிக்கும் சுமையை வாகனப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

அரசாங்கம் செய்யும் வரை நாம் சும்மா இருக்கவும் தேவையில்லை. ஏ.எல். முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களில், தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக்குங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைக்கும். இடப்பக்க ஓரம், திரும்பும்போது கை, இருட்டினால் லைட், ஓடும்போது போன் இல்லை என்ற நான்கையும் சொல்லி அனுப்புங்கள். வாகனம் ஓட்டும் தம்பிமாருக்கும் ஒன்று: சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீற்றர் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி இல்லையென்றால் பின்னால் நில்லுங்கள். அரை நிமிடம்தான் போகும்.

விபத்து நடந்துவிட்டால், "விதி" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வைத்திய அறிக்கையையும் எடுத்து வையுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் 2022 இல் செய்த திருத்தத்தின்படி, வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வரும்போதும் நேரும் விபத்துக்கும் நட்டஈடு உண்டு. உச்சத் தொகையும் 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாகக் கூட்டப்பட்டது. திருநெல்வேலியில் கடை வேலைக்குச் சைக்கிளில் போகும் உங்கள் மகனும் தொழிலாளிதான். கடை முதலாளி அவரைப் பதியவில்லை என்றாலும் சங்கத்துக்கு அறிவியுங்கள். அடித்துவிட்டு ஓடிய வாகனம் அகப்படாவிட்டால், வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் தோட்டத் தலைவரிடமோ பாடசாலையிலோ கேளுங்கள். நிரப்பித் தருவோம்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த விடயத்தை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளை அனுப்பிய குடும்பங்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளின் சைக்கிளில் லைட் இருக்கிறதா என்று அன்றிரவே போன் எடுத்துக் கேளுங்கள்.