தலைக்கட்டில் இல்லாதவர்கள்



ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியின் தெருக்கள் விருந்தினரால் நிரம்பிவிடும். அருவியில் நீராடியவர்கள் இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுவர். அவர்களுக்குப் பரோட்டா வீசியவர்களும், விடுதியறைகளைத் துடைத்தவர்களும் இங்கேயே தங்கிவிடுகின்றனர். அவர்களில் பலர் அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசலின் பின் வரிசையில் நிற்பவர்களும் அவர்களே.

அப்படிப்பட்ட ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக இப்பகுதியில் பரோட்டா மாஸ்டராக இருக்கிறார். அவருடைய மகள் என்னிடம் ஓதுகிறாள். கடந்த சாரல் காலத்தில், அவருடன் தங்கியிருந்த முதிய தந்தை லுஹர் வேளையில் மரணமடைந்தார். கபரஸ்தானில் இடம் கேட்டபோது, "எந்த ஜமாஅத்? தலைக்கட்டு வரி கட்டிய ரசீது உண்டா? சொந்த ஊர் ஜமாஅத்தின் கடிதம் எங்கே?" என்று கேள்விகள் எழுந்தன. அஸ்ஸாமில் 2019 ஆகஸ்டில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் தம் தந்தையின் பெயர் இருந்ததற்கான தாளை அவர் நடுங்கும் கைகளால் நீட்டினார். சுமார் 19 லட்சம் பேரின் பெயர்கள் விடுபட்டுப்போன அந்தப் பட்டியலில் இடம்பெறுவதற்காக அந்த முதியவர் தம் கடைசிக் காலத்தில் எத்தனை அலுவலகங்களின் படிகளை ஏறியிருப்பாரோ! ஆனால் நம் ஊரில் கேட்கப்பட்டதோ வேறொரு தாள். இஷாவுக்குப் பின்னரே ஜனாஸா அடக்கப்பட்டது.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். "ஹஜ்ரத், நீங்கள் சொல்லுங்கள்" என்று அவர் என்னைப் பார்த்தார். அவருடைய குடும்பத்தை நான் அறிவேன். இருந்தும், நிர்வாகிகள் முடிவு செய்யட்டும் என்று வாய்மூடி இருந்துவிட்டேன். அந்த மௌனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஓர் ஊரில் வாழ்பவர் யார் என்பதும், ஒரு நாட்டின் குடிமகன் யார் என்பதும் இருவேறு வினாக்கள். இவ்வேறுபாட்டைச் சில நகரங்கள் தெளிவாக உணர்ந்துள்ளன. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரம் 2007இல் தன் எல்லைக்குள் வசிக்கும் அனைவருக்கும் நகர அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது. 2015 ஜனவரியில் நியூயார்க் மாநகரமும் அவ்வாறே செய்தது. விண்ணப்பிப்பவர் தாம் யார், எங்கே குடியிருக்கிறார் என்பதை மட்டும் காட்டினால் போதும். எந்த விசாவில் வந்தார், விசா உண்டா இல்லையா என்று எவரும் கேட்பதில்லை. அந்த அட்டை ஒருவரைக் குடிமகனாக்காது, வாக்குரிமையும் தராது. எனினும் நூலகத்தில் நூல் பெறவும், பிள்ளையின் பள்ளிக்கூடத்திற்குள் நுழையவும், காவலர் வழிமறித்தால் தம் பெயரைச் சொல்லவும் அது உதவுகிறது.

ஆயினும் அட்டைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நியூ ஹேவன் நகர மன்றம் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்த ஓரிரு நாட்களிலேயே குடியேற்றத் துறையினர் அந்நகரில் புகுந்து சுமார் முப்பது பேரைக் கைது செய்தனர். நியூயார்க்கிலோ, விண்ணப்பதாரர்கள் காட்டிய ஆவணங்களின் நகல்களை அழிக்கலாமா கூடாதா என்று 2016ஆம் ஆண்டின் இறுதியில் வழக்கே எழுந்தது. அழிக்கலாம் என்று அடுத்த ஆண்டு தீர்ப்பாயிற்று. பட்டியல் எழுதுபவரின் எண்ணம் நல்லதாக இருக்கலாம். நாளை அது எவர் கைக்குப் போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுமல்லவா?

நம் நாட்டிலும் இவ்வேறுபாடு சட்டத்தில் எழுதப்பட்டே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 182 நாட்கள் இங்கே வசித்தவரைக் குடியிருப்பவர் என்கிறது. ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. இந்த இடைவெளியில் வாழ்நாளைக் கழிப்பவர்களை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1983 முதல் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்கள் தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கின்றனர். மாநில அரசு அவர்களுக்கு அடையாள அட்டையும் உதவித்தொகையும் ரேஷன் பொருள்களும் வழங்குகிறது. 2021இல் அகதிகள் முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில் உள்ளது. முறையான ஆவணமின்றி வந்தவர் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறியே. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அது அச்சத்தைக் குறைத்தது, குடியுரிமையைத் தரவில்லை.

ஒரு தேதி மனிதரை எப்படிப் பிரிக்கிறது என்பதற்கு ஒரு சான்று. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்மணிக்கு, இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் என்பதால், 2022இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில் அந்தத் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இல்லாத நிலையில், அந்த வாசல் திறக்கவில்லை. ஒரே கூரை, ஒரே கிணறு. ஆயினும் ஒருவர் உள்ளூர், மற்றவர் அயலார்!

அரசாங்கங்களின் எல்லைக்கோடுகளை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஜமாஅத்தின் தலைக்கட்டு ஏடு. திருமணப் பதிவும் ஊர்க் கடிதமும் கபரஸ்தானில் ஆறடி நிலமும் அந்த ஏட்டைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன. ஏடு வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஏற்கெனவே மனைவி இருப்பதை மறைத்து வெளியூரில் மற்றொரு நிக்காஹ் செய்தவர்களால் கண்ணீர் வடித்த பெண்களை நாம் அறிவோம். விசாரணை தேவைதான். ஆனால் விசாரணை என்பது ஒருவரை அறிந்துகொள்வதற்கான வழி. அவரை வாசலிலேயே நிறுத்திவைப்பதற்கான சாக்கு அன்று.

மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை மதீனாவாசிகளுடன் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள். அந்நகரில் வாழ்ந்த யூதக் கோத்திரத்தாரையும் சேர்த்தே உடன்படிக்கை எழுதினார்கள். வந்தவருக்கு இடம் கொடுத்ததனால் அந்த நகரம் சிறுத்துவிடவில்லை.

ஆகவே எங்கள் ஜமாஅத் நிர்வாகத்திடம் ஒரு மனு அளித்திருக்கிறேன். தலைக்கட்டு ஏட்டோடு, குடியிருப்போர் ஏடு ஒன்றும் இருக்கட்டும். ஓராண்டு இங்கே வசித்தவர், அண்டை வீட்டார் இருவரின் சாட்சியத்தோடு அதில் பெயர் எழுதிக்கொள்ளட்டும். நிக்காஹ் விஷயத்தில் மட்டும் சொந்த ஊரில் கூடுதலாக விசாரிக்கலாம். ஜனாஸாவை ஒரு நாழிகையும் காக்க வைக்க வேண்டாம். அவர்களுடைய அரசாங்க ஆவணங்களின் நகல்களை நாம் வாங்கி அடுக்கிவைக்கவும் வேண்டாம். பெயர், தெரு, உறவினர் ஒருவரின் முகவரி இவை போதும்.

மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வெளியூரார் கூட்டம் கூடிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவர்கள் ஏற்கெனவே நம்மிடையேதான் இருக்கின்றனர், ஏட்டில்தான் இல்லை. வளைகுடா நாடுகளில் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அஞ்சி அஞ்சி வாழ்ந்து திரும்பிய நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

மதரஸா வருகைப் பதிவேட்டில் ஊர் என்றொரு கட்டம் உண்டு. இவ்வாண்டு அதை நிரப்பும்போது அந்தச் சிறுமியிடம் கேட்டேன். சற்றும் தயங்காமல் "தென்காசி, ஹஜ்ரத்" என்றாள். அவ்வாறே எழுதிக்கொண்டேன்.

உங்கள் ஊர் ஏட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வஸ்ஸலாம்.