படிப்பு ஏறாது என்று சொன்னது யார்?



இந்த மாதம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். குற்றம் செய்தவள் நான்தான்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய், வேலைக்காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவளுக்கு. அவளும் ஒரு காலத்தில் என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்தவள்தான். மகனின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவள், என் மேசைமேல் கிடந்த ஒரு தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து நகரத்துச் சமூகக் கல்லூரியின் பயிற்சிப் பட்டியல் அது. அதில் ஒரு தையல் இயந்திரத்தின் படம் போட்டிருந்தது.

"இது என்னாங்க டீச்சர்?" என்றாள்.

"தையல் பயிற்சிம்மா. ஒரு சனிக்கிழமை, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும். நீதான் வீட்டிலே தைக்கிறியே, போயிட்டு வாயேன்."

அவள் சிரித்தாள். "எனக்கெல்லாம் படிப்பு ஏறாதுங்க டீச்சர். நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் தரை நனையும் என்பதைப்போலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. ஆம், சொல்லியிருக்கிறேன். பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிது. வயது இருபத்து நாலு. வகுத்தல் கணக்கு வராத பிள்ளைகளைப் பார்த்து, "உனக்குப் படிப்பு ஏறாது, நீ உதிரிப் பழம் பொறுக்கத்தான் போவே" என்று சொல்வது அப்போது எனக்கு ஒரு பழக்கமாகவே இருந்தது. பயமுறுத்தினால் படிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களோ அதை நம்பிவிட்டார்கள்.

வாசகர்களே, உங்களில் எத்தனை பேர் அப்படி ஒரு வாத்தியார் சொன்னதை இன்னும் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்? இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

முதலில் அந்தக் கல்லூரி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரி என்றதும் நமக்குப் பட்டதாரிகள் நினைவுதான் வரும். 'கோலேஜ் கொமுனிட்டி' எனப்படும் சமூகக் கல்லூரி அப்படியல்ல. 2001-இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரிகள் இன்று உயர்கல்வி அமைச்சின்கீழ் நாடு முழுவதும் 100-க்கும் மேல் இருக்கின்றன. சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், கோல லங்காட், உலு சிலாங்கூர், சுங்கைப் பட்டாணி, சிகாமட் என்று நம் மக்கள் அதிகம் வாழும் வட்டாரங்களிலும் உண்டு. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகள் முழுநேரமாகத் தொழில் படிப்பது அங்கே ஒரு பக்கம். ஊர் மக்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகள் இன்னொரு பக்கம். 'கூர்சுஸ் ஜங்கா பெண்டெக்' என்று அறிவிப்பில் போட்டிருப்பார்கள். தையல், கேக் செய்தல், கணினி, மோட்டார் சைக்கிள் பழுதுபார்த்தல், ஏர்கண்டிஷன் கழுவுதல் என்று பலவகை. சில பயிற்சிகள் ஒரே நாளில் முடியும். சில இரண்டு மூன்று நாள் நடக்கும்.

இந்தப் பயிற்சிகளில் சேர எஸ்.பி.எம். சான்றிதழ் தேவையில்லை. நீங்கள் எத்தனையாம் வகுப்போடு நின்றீர்கள் என்பது அங்கே தடையே அல்ல.

இதை அவளிடம் சொன்னேன். நம்பவில்லை. "நானும் உன்னோடு பேர் கொடுக்கிறேன், இரண்டு பேருமாகப் போவோம்" என்றேன். எனக்கு ஊசியில் நூல் கோக்க மட்டும்தான் தெரியும். அதைக் கேட்ட பிறகுதான் தலையாட்டினாள்.

பெயர் பதியப் போன நாளில் ஒன்று நடந்தது. பாரத்தில் பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் எழுதினாள். 'தாராஃப் பெண்டிடிக்கான்', அதாவது கல்வித் தகுதி, என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. புதுமுக வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். தலை குனிந்துகொண்டாள். "வாங்க டீச்சர், போயிடலாம்" என்றாள் மெதுவாக. முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மையார் எட்டிப் பார்த்தார். "எதுவரைக்கும் படித்தாயோ அதை எழுது, அது பதிவுக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இருபது வருடமாக இவள் பயந்துகொண்டிருந்த கேள்வி, அந்த அம்மையாருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. இவள் இதுவரை தைத்ததெல்லாம் அளவு ரவிக்கை வைத்துத்தான். வாடிக்கைக்காரர் பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அதைத் துணிமேல் விரித்து வெட்டுவாள். பழைய ரவிக்கை சரியில்லையென்றால் புதியதும் சரியிராது. கல்லூரியில் உடம்பை அளந்து, பழுப்புத் தாளில் படம் வரைந்து வெட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். மார்புச் சுற்றளவை நாலாக வகுத்து, தளர்வுக்கும் தையலுக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளவேண்டும்.

"தீகா புலு ஏனாம், பஹாகி எம்பாட்?" என்று கேட்டார் பயிற்றுநர்.

"செம்பிலான்!" என்று ஒரு குரல் முந்திக்கொண்டது. என் மாணவியின் குரல். முப்பத்தாறை நாலால் வகுத்தால் ஒன்பது.

எந்த வகுத்தலுக்காக நான் அவளைப் பெஞ்சின்மேல் நிற்கவைத்தேனோ, அதே வகுத்தல்தான். துணியும் கத்தரிக்கோலும் கையில் இருந்தபோது அது அவளுக்குக் கணக்காகவே தெரியவில்லை. அன்று பகல் முழுக்க என் தாளைத் திருத்திக் கொடுத்தவளும் அவள்தான். "டீச்சர், அக்குள் வளைவு இவ்வளவு பள்ளமா வரக்கூடாது" என்று ரப்பரால் அழித்து அழித்து வரைந்து காட்டினாள்.

அவள் இன்று பெரிய தையற்கடை வைத்துவிட்டாள் என்று நான் கதை அளக்கமாட்டேன். உதிரிப் பழம் பொறுக்கும் வேலையை அவள் விடவில்லை. ஆனால் இப்போது அவள் வீட்டுக்கு அளவு ரவிக்கை இல்லாமலும் ஆட்கள் வருகிறார்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே "இனிமே துணி வாங்க முடியாதுங்க" என்று சொல்லும் நிலைமை வந்தது. மகனின் வகுத்தல் கணக்கையும் அவளே பார்க்கிறாள்.

இது ஒரு பாதி. மறுபாதி அவள் கணவரைப் பற்றியது.

அவர் தோட்டத்துப் பட்டறையில் பதினைந்து வருடமாக டிராக்டர் பழுதுபார்ப்பவர். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். தோட்டம் விலை பேசப்படுகிறது என்ற பேச்சு வந்ததும் டவுனில் வேலை தேடிப் போனார். ஒவ்வொரு பட்டறையிலும் ஒரே கேள்வி: "சிஜில் இருக்கா?" கையில் பதினைந்து வருடத் தொழில் இருந்தது, காகிதம் ஒன்றுகூட இல்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தடவையும் நம் மக்கள் தொழிலைக் கையிலும் குடும்பத்தைத் தோளிலும் சுமந்துகொண்டு வெளியேறினார்கள். அந்தத் தொழிலுக்குச் சாட்சி சொல்ல யாருமில்லை.

சாட்சி சொல்ல வழி உண்டு. மனிதவள அமைச்சின்கீழ் 'ஜாபாத்தான் பெம்பாங்குனான் கெமாஹிரான்' என்ற திறன் மேம்பாட்டுத் துறை இருக்கிறது. 'சிஜில் கெமாஹிரான் மலேசியா' என்ற மலேசியத் திறன் சான்றிதழை வழங்குவது அதுதான். தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ். நாலாவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. பள்ளிக்கூடம்போல் உட்கார்ந்து படித்துத்தான் இதைப் பெறவேண்டும் என்பதில்லை. 'பி.பி.டி.' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்பே பெற்ற திறமைக்கு அங்கீகாரம் என்பது அதன் பொருள். வேலை அனுபவம் உள்ளவர், தாம் செய்த வேலைக்கான ஆதாரங்களை ஒரு கோப்பாகத் திரட்டிக் கொடுக்கவேண்டும். மதிப்பீட்டாளர் அதைச் சோதித்துப் பார்ப்பார். தரத்துக்கு ஈடாக இருந்தால் சான்றிதழ் கிடைக்கும்.

ஆதாரம் என்றால் என்ன? எத்தனை வருடம், என்ன வேலை செய்தார் என்று தோட்டத்து ஆபீஸ் கொடுக்கும் கடிதம், சம்பளச் சீட்டுகள், வேலை செய்யும்போது எடுத்த படங்கள், குறுகிய காலப் பயிற்சிகளில் கிடைத்த தாள்கள். ஆகவே ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். கடிதத்தை இன்றே கேட்டு வாங்கி வையுங்கள். தோட்டம் கைமாறிய பிறகு கேட்கப் போனால் ஆபீசும் இராது, உங்களைத் தெரிந்த கிராணியும் இருக்கமாட்டார்.

அந்தக் கணவர் இப்போது கோப்புத் திரட்டிக்கொண்டிருக்கிறார். முடிவு இன்னும் தெரியவில்லை. ஆனால் சட்டைப்பையில் தோட்டத்து ஆபீஸ் கடிதத்தின் நகல் ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறார்.

போவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாள் பயிற்சியில் கிடைப்பது கலந்துகொண்டதற்கான தாள். அதையும் திறன் சான்றிதழையும் ஒன்றென்று எண்ணி ஏமாறவேண்டாம். மின்கம்பி வேலைப் பயிற்சிக்குப் போய்வந்த கையோடு அடுத்த வீட்டுக்கு மின்சாரம் இழுக்கக் கிளம்பிவிடாதீர்கள். அதற்குத் தகுதிப் பத்திரம் வேண்டும். 'சுருஹான்ஜாயா தெனாகா' என்ற எரிசக்தி ஆணையம் அதை வழங்குகிறது.

வடை, நாசி லெமாக் விற்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவைக் கையாளுகிறவர்கள் சுகாதார அமைச்சு அங்கீகரித்த இடத்தில் அதற்கான பயிற்சியைப் பெறவேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ளவேண்டும். அந்தப் பயிற்சி சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

"பணத்தைக் கட்டுங்க, சோதனை ஒன்றும் வேண்டாம், சான்றிதழ் வீடு தேடி வரும்" என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். திறன் மேம்பாட்டுத் துறையின் அலுவலகத்திலேயே நேரில் விசாரியுங்கள்.

குறுகிய காலப் பயிற்சிகளின் கட்டணம் பயிற்சிக்குப் பயிற்சி மாறும், முன்கூட்டியே கேளுங்கள். ஆட்கள் போதவில்லையென்றால் பயிற்சி தள்ளிப்போவதும் உண்டு. ஆகவே தனியாகப் போகாமல் நாலைந்து பேராகப் பெயர் கொடுங்கள். போதிய ஆட்கள் திரண்டால், கல்லூரிக்காரர்களே ஊர் மண்டபத்துக்கு வந்து நடத்திக்கொடுப்பதும் உண்டு. கோயில் மண்டபம் திருவிழாவுக்கு மட்டும்தான் திறக்கவேண்டுமா என்ன? கோயில் தலைவர்கள் யோசிக்கட்டும்.

பாரத்தில் தேசிய மொழி புரியவில்லையென்றால் வெட்கப்படாதீர்கள். உங்கள் பிள்ளையையோ, பிள்ளையின் டீச்சரையோ கேளுங்கள். என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் பாரத்தைக் கொண்டுவந்தால், அது நம் வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நம்மில் பலர் பட்டிருக்கும் கடன் அது.

அந்தச் சனிக்கிழமை மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அவளிடம் அந்தப் பழைய பேச்சை எடுத்தேன். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதும்மா" என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் பையன்கிட்டே மட்டும் அப்படிச் சொல்லிடாதீங்க டீச்சர்" என்றாள்.

சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள், உங்களைப் பார்த்தும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்து டீச்சர்