ஒரே ஒரு படம் போதுமா?



போன மாதம் எங்க அம்மாவோட செல்போன் தண்ணீர்க் குடத்தில் விழுந்துவிட்டது. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளே இருக்கறதை எடுக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டார். தம்பி பிறந்ததில் இருந்து எடுத்த எல்லாப் படமும் அதில்தான் இருந்தது. அம்மா அன்று சாப்பிடவே இல்லை.

அப்போது எங்க ஆயா ஒரு விஷயம் சொன்னாங்க. 26.12.2004 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது எங்க குடும்பம் தேவனாம்பட்டினத்தில் இருந்தது. கடலூர் மாவட்டத்தில் அன்று 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் என் மாமாவும் ஒருவர். அம்மாவுக்குத் தம்பி. அப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டோடு படம், ரேஷன் கார்டு, அம்மாவோட பள்ளிக்கூடச் சர்டிபிகேட் எல்லாம் போய்விட்டது. ஆனால் சிதம்பரம் தேர் பார்க்கப் போனபோது ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் ஒரு காப்பி மட்டும் அங்கே சின்ன ஆயா வீட்டில் இருந்தது. "அது இல்லைன்னா எம்புள்ள முகமே எனக்கு மறந்துபோயிருக்கும்டி" என்று ஆயா சொன்னாங்க.

அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்தைக் காப்பாற்றியது பீரோவோ பூட்டோ இல்லை. வேறு ஊரில் இன்னொன்று இருந்ததுதான்!

பூட்டி வைத்தால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். சிதம்பரம் கோயில் கதையைப் பாருங்கள். தேவார ஏடுகள் அங்கே ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்று சொல்வார்கள். சிதம்பரத்தில் 1924 முதல் 1927 வரை தமிழ்க் கல்லூரி முதல்வராக இருந்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய்ப் போய் ஏடு தேடினார். ஒரு ஏட்டில் சிதைந்ததை இன்னோர் ஊர் ஏட்டில் பார்த்துச் சரிசெய்தார். ஒரே பிரதிதான் இருந்திருந்தால் அவரால் என்ன செய்ய முடியும்?

நம்ம மாவட்டத்துக்கு 2004-இல் சுனாமி, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம் வந்தன. இங்கே இருக்கிற நாமே ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கலாமா?

"எங்க வீட்ல கம்ப்யூட்டர் இல்லையே" என்று சிலர் கேட்பீர்கள். எங்க வீட்டிலும்தான் இல்லை! கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். 3 பிரதி, 2 வகைப் பொருளில், அதில் 1 வேறு இடத்தில். இதை நாமும் செய்யலாம். போனில் ஒன்று, கடையில் பிரிண்ட் போட்டது ஒன்று, உறவினர் வீட்டில் மெமரி கார்டில் ஒன்று. அதே போனுக்குள்ளேயே இருக்கும் மெமரி கார்டு கணக்கில் சேராது. போன் தொலைந்தால் அதுவும் தொலையும். இணையத்தில் கூகுள் கணக்கில் ஏற்றி வைக்கலாம். ஆனால் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மறந்தால் கஷ்டம். சான்றிதழ்களுக்கு ஜெராக்ஸ் எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். அரசின் டிஜிலாக்கரும் இருக்கிறது. நம்பிக்கையானவர்களிடம் மட்டும் கொடுங்கள், கண்டவரிடம் கொடுக்க வேண்டாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாமா படம் அன்று வரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுத்த ஞாயிறே அதைச் சிதம்பரம் கொண்டுபோய் மூன்று பிரதி போட்டோம். ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று சின்ன ஆயா வீட்டில், ஒன்று பெரியம்மா வீட்டில். அப்பா போனிலும் இருக்கிறது. தம்பியோட பழைய படம் மட்டும் இனி வராது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேளுங்கள்: "நம்ம வீட்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கற படம் எது?"

அதில் இருந்து தொடங்குங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி