பழுது பார்ப்பதும் விஞ்ஞானமே!

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை விட்டு உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. சென்ற மாதம் என் வண்டிக்காக அங்கே காத்திருந்தேன். மெக்கானிக் ஓடிக்கொண்டிருந்த ஓர் எஞ்சின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, அதன் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு மாணவன் அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தந்தைக்குப் பொறுக்கவில்லை. "என்னடா அப்படிப் பாக்கறே? ஒழுங்காப் படிக்கலேன்னா நீயும் இங்கேதான் வந்து ஸ்பானர் பிடிக்கணும்" என்றார்.

மாணவ நண்பர்களே, இப்படிப்பட்ட பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். புதிதாகக் கண்டுபிடிப்பவர் விஞ்ஞானி, பழுது பார்ப்பவர் படிப்பு ஏறாதவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இது தவறான எண்ணம் என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக ஒரு ரயில் எஞ்சினின் கதையைச் சொல்கிறேன்.

1950களின் தொடக்கத்தில் இலங்கை அரசு ரயில்வே நீராவி எஞ்சின்களுக்குப் பதிலாக டீசல் எஞ்சின்களை வாங்க முடிவு செய்தது. பிரிட்டனைச் சேர்ந்த பிரஷ் பாக்னல் நிறுவனம் 25 எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. இலங்கையில் இவற்றுக்கு எம்-1 வகை என்று பெயர். நம் சென்னை சென்ட்ரலில் இருக்கும் அதே 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில்தான் இவையும் ஓடின.

இவற்றுக்குள் என்ன இருந்தது? பெட்ரோல் எஞ்சினில் இருப்பது போன்ற தீப்பொறிச் செருகி டீசல் எஞ்சினில் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மிகவும் அழுத்தினால் அது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டிலேயே டீசல் எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆனால், டீசல் எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு. நின்ற நிலையில் அதன் தலையில் பெரும் பாரத்தை ஏற்றினால் அது இழுக்காது. ஆகவே, அதை நேரே சக்கரத்தோடு பிணைக்காமல் ஒரு ஜெனரேட்டரைச் சுற்ற வைத்தார்கள். அதிலிருந்து வரும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை இயக்கியது. எனவேதான் இவற்றை டீசல்-மின் எஞ்சின்கள் என்கிறோம்.

எஞ்சினின் அடியில் ஆறு அச்சுகள் இருந்தன. அவற்றில் நான்குக்கு மட்டுமே மோட்டார். முன்னும் பின்னும் உள்ள மும்மூன்று அச்சுகளில் நடு அச்சு சும்மா உருளும். ஏன் இந்த வீண் செலவு என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சினின் எடை 100 டன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு அச்சுகள் தாங்கினால் அச்சுக்கு 25 டன். ஆறு அச்சுகள் தாங்கினால் அச்சுக்கு 17 டன்னுக்கும் குறைவு. தண்டவாளமும் பாலமும் பிழைத்தன!

இதற்குள் பிரிட்டனே தன் ரயில்களை டீசலுக்கு மாற்ற 1955-ல் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. பல நிறுவனங்களிடம் பல வகை எஞ்சின்களைக் கேட்டது. பிரஷ் நிறுவனம், இலங்கைக்குச் செய்து பெற்ற அனுபவத்தைக் கொண்டு, அதே ஆறு அச்சு அமைப்பில், அதே மிர்லீஸ் நிறுவனத்தின் டீசல் எஞ்சினைப் பொருத்தி, ஒரு புது வகையை உருவாக்கியது. முதல் வண்டி 1957-ல் வெளிவந்தது. 1962க்குள் 263 வண்டிகள் தயாராகிவிட்டன. தொடக்கத்தில் 1,250 குதிரைத் திறன். பின்னர் வந்தவற்றில் 1,365. பிற்காலத்தில் இவை 31-ஆம் வகுப்பு என்று அழைக்கப்பட்டன.

சில ஆண்டுகள் ஓடின. பிறகு வந்தது சோதனை. எஞ்சின்களின் உலோகத்தில் விரிசல்கள் தோன்றின. ஒன்றிரண்டில் அல்ல, பலவற்றில்!

உலோகம் ஏன் விரிசல் விடுகிறது? ஒரு கம்பித் துண்டை எடுத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்துப் பாருங்கள். முதல் வளைப்பில் உடையாது. பத்தாவதிலோ இருபதாவதிலோ பட்டென்று ஒடிந்துவிடும். உங்கள் விரலின் பலம் கூடவில்லை, கம்பிதான் களைத்துவிட்டது. இதை உலோகக் களைப்பு என்பார்கள். நிமிடத்துக்கு 800 தடவை சுழலும் நாலடி எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுழற்சிக்கு ஒரு தடவை எரிபொருள் எரியும். அதாவது நிமிடத்துக்கு 400 அடி. நாளைக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால், அது 7 கோடியே 20 லட்சம் அடி! வரைபடத்தாளில் உறுதியாகத் தெரிந்த எஞ்சின், அடி கோடிக் கணக்கில் விழுந்த பிறகுதான் தன் பலவீனத்தைக் காட்டியது.

அப்போது என்ன செய்தார்கள்? 263 வண்டிகளையும் உடைத்துப் போடவில்லை. எது கெட்டது, எது கெடவில்லை என்று பிரித்தறிந்தார்கள். சட்டமும், அச்சுகளும், மோட்டார்களும் நன்றாகவே இருந்தன. ஆகவே, 1960களின் இறுதிக்குள் பழைய எஞ்சின்களைக் கழற்றிவிட்டு, இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 1,470 குதிரைத் திறன் எஞ்சின்களைப் பொருத்தினார்கள். அதன் பின் இந்த வண்டிகளில் சில, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. முதலில் வந்த வண்டி இன்று யார்க் நகரின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் உடைமை.

"வேறு எஞ்சினை மாட்டிவிட்டார்கள், இதில் என்ன விஞ்ஞானம்?" என்று நீங்கள் கேட்கலாம். நோயாளி செத்துப் பிழைத்தால் மருத்துவரை மெச்சுகிறோம். எந்த உறுப்பு கெட்டது, ஏன் கெட்டது, எதை மாற்றினால் மற்றவை ஒத்துழைக்கும் என்று இங்கும் கண்டறிய வேண்டியிருந்தது. உற்று நோக்குதல், ஊகித்தல், சோதித்தல், முடிவுக்கு வருதல் என்று ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் அதே படிகள்தாம் இவை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடம் தொழில்நுட்பம் பெற்று, வாரணாசித் தொழிற்சாலை 1964 முதல் டீசல் எஞ்சின்களைச் செய்தது. ஆல்கோ 1969-ல் ரயில் எஞ்சின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. ஆசிரியர் போய்விட்டார், மாணவர் என்ன செய்வது? நம்மவர்கள் கைகட்டி நிற்கவில்லை. 2,600 குதிரைத் திறன் கொண்ட அந்த எஞ்சினையே திருத்தித் திருத்தி 3,100 ஆக்கினார்கள். பொன்மலை, ஈரோடு போன்ற பணிமனைகளில் எஞ்சினின் மசகு எண்ணெயைச் சோதித்து, அதில் கலந்துள்ள உலோகத் துகள்களைக் கொண்டு உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இரத்தச் சோதனை போலத்தான்!

புதிதாகப் படைப்பவர் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால், படைத்தவருக்கே தெரியாத உண்மையை, அந்தப் பொருளோடு நாள்தோறும் பழகுபவர் அறிகிறார். அவரை இளக்காரமாகப் பார்க்கும் சமுதாயம், அந்த உண்மையையும் இழந்துவிடும். பழுதானதும் வெளிநாட்டைப் பார்த்துக் கை நீட்டும்.

பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சிக்குப் போகலாமா என்று உங்களில் யாராவது தயங்கிக்கொண்டிருந்தால், வெட்கப்பட்டுத் தயங்காதீர்கள். பொறியியல் கல்லூரிக்குப் போகிறவர்களும் ஸ்பானர் பிடிக்கத் தயங்காதீர்கள். எங்கே போனாலும், "இது ஏன் பழுதாயிற்று?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்தச் சந்தில் நின்ற மாணவனிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: "அவர் ஏன் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார், தெரியுமா?" அவன் சற்று யோசித்தான். "காற்றைவிட இரும்பில் சத்தம் நன்றாகப் போகும், சார்" என்றான். மெக்கானிக் அப்போதுதான் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தார்.