இரட்டைப் பிரஜாவுரிமை: சலுகையா, சத்தியமா?



வெளிநாட்டில் வாழும் நம் சகோதரர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் காலங்களில் மதரஸா வாசலில் ஒரே கேள்வி பல குரல்களில் கேட்கப்படுகிறது: "உஸ்தாத், வெள்ளைக்காரன் நாட்டுப் பிரஜாவுரிமை எடுப்பது ஆகுமா?" கேட்பவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள். "ஆகும்" என்ற ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்டு மன அமைதியோடு விமானம் ஏறவே அவர்கள் விரும்புகிறார்கள். ஆகும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆயினும் அதைத் தொடர்ந்து நான் கேட்பது அவர்களுக்கு உவப்பதில்லை: அங்கே என்ன சத்தியம் செய்தீர்கள்? இங்கே எதை மறைத்து வைத்திருக்கிறீர்கள்?

முதலில் "ஆகவே ஆகாது" என்போருக்கு ஒரு சொல். முஸ்லிமல்லாதோர் ஆளும் நாட்டின் பிரஜாவுரிமையை ஏற்பது ஈமானுக்கே ஊறு என்று ஒலிபெருக்கியில் முழங்குவோர் தம் சட்டைப்பையிலுள்ள தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பார்க்கட்டும். பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கும் 9ஆம் உறுப்புரையைக் கொண்ட அரசியலமைப்பின் கீழ்தான் நாம் அனைவரும் பிரஜைகளாக இருக்கிறோம். தொழுகிறோம், நோன்பு நோற்கிறோம், பிள்ளைகளை ஹாபிழாக்குகிறோம். மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஸஹாபாக்களை நபி (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்ததும் ஒரு கிறிஸ்தவ மன்னரின் அபிசீனியாவுக்குத்தான். அரபு நாடுகளில் முப்பது ஆண்டுகள் வியர்வை சிந்திய நம்மவருக்கு வயது முதிர்ந்ததும் கிடைப்பது திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு. பிரஜாவுரிமை என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. நிலைமை இவ்வாறிருக்க, இலண்டனிலோ மெல்பேர்னிலோ சட்டப்படி கிடைத்ததை ஏற்றவனை மட்டும் முனாபிக் என்று தூற்றுவது எந்த நீதியில் சேரும்?

இரண்டாவது கடவுச்சீட்டை நாடுவதற்கு நம்மவரிடம் காரணங்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வீடுவாசல் துறந்து வெளியேறினார்கள். 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019இல் ஏப்ரல் தாக்குதலுக்குப் பின் வடமேல் மாகாணக் கிராமங்கள். 2020இல் கொவிட் என்று சொல்லி நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து இருபது நாள்களேயான சிசுவைக்கூட விட்டுவைக்கவில்லை. பிள்ளைகளுக்காக இன்னொரு கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு தந்தை எண்ணினால் அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு நா எழாது.

சட்டப்படி பெற்ற இரட்டைப் பிரஜாவுரிமையின் நன்மைகளும் கற்பனையல்ல. விசாவின்றி வரலாம், விரும்பிய காலம் வரை தங்கலாம், தொழில் செய்யலாம். 2014ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வெளிநாட்டவர் இங்கே காணி உரிமை பெறுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜைக்கு அத்தடை இல்லை. உம்மாவின் கடைசி நாள்களில் அருகிருந்து பணிவிடை செய்ய விரும்பும் மகனுக்கு இதன் அருமை தெரியும்.

பாதகங்களை மட்டும் முகவர்கள் சொல்வதில்லை. இரண்டு கடவுச்சீட்டு இருந்தால் இரண்டு அரசாங்கங்கள் காக்கும் என்பது பரவலான நம்பிக்கை. 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை சொல்வதோ வேறு: ஒருவர் எந்த நாட்டின் பிரஜையோ அந்த நாட்டுக்கு எதிராக அவருடைய மற்ற நாடு இராஜதந்திரப் பாதுகாப்பு வழங்க முடியாது. கொழும்பில் கைதாகும் இரட்டைப் பிரஜை, சட்டத்தின் கண்ணில் இலங்கையர்தான். அமெரிக்கப் பிரஜை உலகின் எந்த மூலையில் உழைத்தாலும் அந்நாட்டு வரித் திணைக்களத்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

இவற்றைவிடப் பாரதூரமானது ஒன்றுண்டு. பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, பொது நலன் கருதி ஒருவரின் பிரஜாவுரிமையைப் பறிக்கும் அதிகாரத்தை உள்துறை அமைச்சருக்கு அளிக்கிறது. பொதுவாக, ஒருவரை நாடற்றவராக்கும் வகையில் அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே, வேறொரு பிரஜாவுரிமையும் உடையவர்தான் இந்த வாளுக்கு எளிதில் கழுத்துக் கொடுத்தவர். இலண்டனில் பிறந்து 2015இல், 15ஆம் வயதில் சிரியாவுக்குச் சென்ற பெண்ணின் பிரஜாவுரிமை 2019இல் பறிக்கப்பட்டது. பெற்றோர் வழியாக அவள் பங்களாதேஷ் பிரஜை என்பது பிரித்தானியாவின் வாதம். அவள் எம் பிரஜை அல்லள் என்றது பங்களாதேஷ். 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவளது முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அவள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. எந்த இரண்டாவது பிரஜாவுரிமையைக் காப்பரண் என்று நம்புகிறோமோ, அதுவே முதலாவதைத் தளர்த்தும் கயிறாகவும் ஆகலாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

இவையெல்லாம் இவ்வுலகக் கணக்கு. என் தர்க்கம் சத்தியத்தைப் பற்றியது.

பிரித்தானியாவிலும் கனடாவிலும் புதிய பிரஜை மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாகவும் அந்நாட்டுச் சட்டங்களைப் பேணுவதாகவும் உறுதியளிக்கிறார். அவுஸ்திரேலியாவில் அந்நாட்டுக்கும் மக்களுக்கும் விசுவாசம் கூறுகிறார். இவற்றைப் பற்றிக் கேட்டால் நம் சகோதரர்கள் சிரிக்கிறார்கள். "அது உதட்டளவில் சொன்னது உஸ்தாத், மனசிலே வேற நிய்யத்" என்கிறார்கள். சில பயான்காரர்களும் இதற்குத் 'தவ்ரியா' என்று பெயர் சூட்டி ஆசீர்வதிக்கிறார்கள். அநியாயக்காரனிடமிருந்து உயிரைக் காப்பாற்ற ஒருவர் இருபொருள்படப் பேசுவது வேறு. எவரும் கட்டாயப்படுத்தாத நிலையில், தானே விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, புத்தாடை அணிந்து, புகைப்படத்துக்கு நின்று செய்கின்ற சத்தியம் வேறு. சத்தியம் வாங்குபவரின் எண்ணப்படியே சத்தியம் பொருள் கொள்ளப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நீதிபதி கேட்டுச் செய்யும் சத்தியத்தை இமாம் நவவி (ரஹ்) இதன் கீழ்க் கொண்டுவருகிறார். உரிமை வழங்கும் அரச அதிகாரி கேட்கும் சத்தியம் நீதிபதியின் சத்தியத்துக்கு நெருக்கமானதா, கொள்ளைக்காரன் கேட்கும் சத்தியத்துக்கு நெருக்கமானதா? தவ்ரியா பேசுவோர் பதில் சொல்லட்டும்.

அமெரிக்கச் சத்தியம் இன்னும் கடினமானது. பிற நாடுகள் மீதான விசுவாசம் அனைத்தையும் துறப்பதாக அதில் சொல்ல வேண்டும். சட்டம் கோரினால் ஆயுதம் ஏந்துவதாகவும் சொல்ல வேண்டும். மார்க்க நம்பிக்கை காரணமாக ஆயுதம் ஏந்த இயலாதவர் அந்தப் பகுதியை விட்டுவிடக் கோர வழியுண்டு. துறப்பதாகச் சொன்ன பிறகும் ஒருவர் வேறு நாட்டுப் பிரஜையாக இருப்பதை அமெரிக்க அரசு தடுப்பதில்லை என்பதும் உண்மை. சத்தியம் வாங்கியவரே இந்த அளவைத்தான் கருதுகிறார் என்றால் இரட்டைப் பிரஜாவுரிமையை வைத்திருப்பது சத்தியத்தை முறித்ததாகாது என்பது என் கருத்து. ஆயினும் அந்த வாசகத்தை என்னவென்றே வாசிக்காமல் கையுயர்த்தி விட்டு, பத்து ஆண்டுகள் கழித்து என்னிடம் வந்து அதன் பொருள் கேட்பவர்களை என்னென்பது!

ஹுதைஃபா (ரழி) அவர்களின் சம்பவத்தை நம் மாணவர்கள் மனனமிட்டிருக்கிறார்கள். அவரும் அவருடைய தந்தையும் மதீனா செல்லும் வழியில் குறைஷியரிடம் அகப்பட்டார்கள். முஹம்மதுடன் சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே விடுவிக்கப்பட்டார்கள். முன்னால் நிற்பது பத்ருப் போர்; எண்ணிக்கையில் சிறிய அப்படையில் ஒவ்வொருவரும் ஒரு பொக்கிஷம். வாக்கு வாங்கியவர்களோ இணைவைப்போர், நம்மீது படையெடுத்து வருபவர்கள், அதையும் நெருக்கடியில் வாங்கியவர்கள். அப்படியிருந்தும் வாக்கைக் காப்பாற்றுமாறு கூறி நபி (ஸல்) அவர்கள் இருவரையும் திருப்பி அனுப்பினார்கள். அந்த வாக்குக்கே அத்தனை மதிப்பு என்றால், நமக்கு வேலையும் மருத்துவமும் பிள்ளைகளுக்குக் கல்வியும் தந்த நாட்டுக்கு விரும்பிக் கொடுத்த வாக்கின் நிலை என்ன? நம் மத்ஹபின் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அல்உம்மு நூலில், அபயம் பெற்று எதிரி நாட்டுக்குள் நுழைந்த முஸ்லிமுக்கு அவர்களுடைய பொருளில் சிறிதோ பெரிதோ எடுப்பது ஆகாது என்கிறார்கள். வருமானத்தை மறைத்து அரச உதவிப்பணம் வாங்கிவிட்டு, அதில் ஊர்ப் பள்ளிக்கு மினாரா கட்டித் தருவோருக்கு இந்தப் பக்கத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

இனி இங்கே மறைப்பதைப் பேசுவோம். நம் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வம்சாவளிப் பிரஜை ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டின் பிரஜையானால் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார். யாரும் கடிதம் அனுப்பிப் பறிப்பதில்லை. சட்டமே அதைச் செய்துவிடுகிறது. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் அதைத் தக்கவைக்கவோ மீளப் பெறவோ விண்ணப்பிக்கலாம். பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் அதற்கென ஒழுங்குமுறை இருக்கிறது. கட்டணம் இலட்சக்கணக்கில் ஆகும், ஆவணங்களும் அலைச்சலும் அதிகம். ஆதலால் நம்மவர் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. பழைய அடையாள அட்டை அலுமாரியில் இருக்கிறது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது. காணி உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு முன் "இலங்கையர்" என்று கையொப்பமிடக் கையும் இருக்கிறது. தம்மை இரட்டைப் பிரஜைகள் என்று இவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். சட்டத்தின்படி இவர்களுக்கு இருப்பது ஒரே பிரஜாவுரிமை, அதுவும் இந்த நாட்டினுடையதன்று. இதற்குப் பெயர் சலுகையன்று, பொய்ச் சாட்சியம். ஓர் இராஜாங்க அமைச்சரே 2024 மே மாதம், இலங்கைப் பிரஜை அல்லர் என்ற அடிப்படையில் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் பாராளுமன்ற ஆசனத்தை இழந்தார். அவரை நம் சந்திகளில் எள்ளி நகைத்தவர்களில் எத்தனை பேரின் மச்சான்மாரும் மருமகன்மாரும் அதே நிலையில் இருக்கிறார்கள்!

பாராளுமன்றம் என்றதும் இன்னொன்று. இரட்டைப் பிரஜைகள் பாராளுமன்றம் செல்வதை 2015இல் 19ஆவது திருத்தம் தடுத்தது. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியபோது அத்தடை நீங்கியது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் அதற்குக் கையுயர்த்தினார்கள். அன்றைய தினத்திலும் கொவிட் ஜனாஸாக்களுக்கு எரிப்பு மட்டுமே சட்டம். அடுத்த ஆண்டு அமெரிக்கப் பிரஜாவுரிமையும் கொண்ட பசில் ராஜபக்ஷ நிதியமைச்சரானார். அதற்கடுத்த ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நாம் நின்றோம். நெருக்கடிக்குக் காரணம் அவருடைய கடவுச்சீட்டு என்று நான் சொல்லவில்லை; காரணங்கள் பல. ஆனால் மூழ்கும் கப்பலின் சுக்கானைப் பிடிப்பவருக்குத் தனியாக ஒரு படகு கட்டப்பட்டிருக்கக் கூடாது. 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் தடையை மீளக் கொண்டுவந்தது சரியே. சமூகத்தின் பெயரால் 20ஐ ஆதரித்தோர், அதற்கு ஈடாகச் சமூகத்துக்குக் கிடைத்தது என்ன என்பதை இன்றுவரை கணக்குக் காட்டவில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் இவ்வளவுகோலைத் தமக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆண்டில் பதினொரு மாதம் டொரொன்டோவில் இருப்பவர் இங்கே தலைவர் பதவியை வைத்திருப்பது எதற்காக?

"இப்படியெல்லாம் பார்த்தால் முஸ்லிம்களின் வாக்குக் குறைந்துவிடும், பிரதிநிதித்துவம் போய்விடும்" என்று ஒரு வாதம் மெல்லிய குரலில் வைக்கப்படுகிறது. கள்ள வாக்கால் காக்கப்படும் பிரதிநிதித்துவம் நமக்கு வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ் மக்களில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியதை இந்த நாடு கண்டிருக்கிறது. தலைமுறைகளாக ஓர் அடையாள அட்டைக்காக அவர்கள் காத்திருந்தார்கள். அந்த அட்டையைத் தேவைக்கு எடுத்துத் தேவைக்கு ஒளித்துவைக்கும் பொருளாக நாம் கருதலாகாது.

ஆகவே, விடுமுறையில் வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேறு நாட்டின் பிரஜாவுரிமை எடுத்தவர், திரும்பிச் செல்லுமுன் பத்தரமுல்லைக்குச் சென்று விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பிக்க விருப்பமோ வசதியோ இல்லாதவர் கிராம உத்தியோகத்தரிடம் சென்று வாக்காளர் இடாப்பிலிருந்து பெயரை நீக்கச் சொல்லட்டும். பிரஜாவுரிமையை இழந்த பின் "இலங்கையர்" என்று கையொப்பமிட்டுக் காணி வாங்கியவர் நல்லதொரு சட்டத்தரணியை நாடட்டும். அந்தப் பிரச்சினையை ஃபத்வாவால் தீர்க்க முடியாது.

வல்லாஹு அஃலம்.